பேச்சு சரளம், வாசிப்பு திணறல்: வீட்டில் தமிழ் படிக்கவும் எழுதவும் பழக்குவது

சென்னையில் ஆங்கிலவழிப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது: வாய் ஓயாமல் தமிழ் பேசுகிறது, ஆங்கிலக் கதைப் புத்தகத்தை ஓரளவு தானே படித்துவிடுகிறது, தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் மட்டும் எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி மூன்றாவது வரியில் மூடி வைத்துவிடுகிறது. 2006-ல் இயற்றப்பட்ட தமிழ் கற்றல் சட்டத்தின்படி, 2006-07 கல்வியாண்டில் ஒன்றாம் வகுப்பில் தொடங்கித் தமிழ் படிப்படியாகக் கட்டாயப் பாடம் ஆனது. ஆனால் பாடம் என்பது பல பள்ளிகளில் கரும்பலகையிலிருந்து நோட்டுக்கு இறங்கும் கேள்வி-பதில்தான். அதை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் வந்துவிடும். படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

வீட்டார் இதை ஆர்வக் குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். பொங்கலை ஒட்டி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சிக்குப் போய், பத்து சதவீதக் கழிவில் ஒரு பை நிறைய வாங்கி வருகிறார்கள். அந்தப் பை அடுத்த பொங்கல் வரை அலமாரியில் இருக்கும். ஆர்வம் இல்லாததால் படிக்காமல் இருக்கும் பிள்ளைகள் குறைவு. படிப்பது கடினமாக இருப்பதால்தான் ஆர்வம் போகிறது. எங்கே கடினம் என்று கண்டுபிடிக்காமல் புத்தகத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை.

கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-ல் முன்வைத்த எளிய சூத்திரம் ஒன்று இங்கே உதவும். வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும், அந்த மொழியைக் கேட்டால் புரியும் திறனையும் பெருக்கினால் வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். சென்னைப் பிள்ளைக்கு இரண்டாவது திறன் முழுமையாக இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம், தமிழ்தானே பேசுகிறது என்று. அது பேசும் தமிழும் பக்கத்தில் அச்சாகியிருக்கும் தமிழும் வேறு வேறு. ஆகவே ஓட்டை இரண்டு இடத்தில் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகத்தான் அடைக்க வேண்டும்.

247 என்ற பயம்

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. சுவரில் தொங்கும் அட்டவணையைப் பார்த்துவிட்டு 247 வடிவங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று பிள்ளையை உட்கார வைப்பது வீண் உழைப்பு. க, கா, கி, கீ என்று ராகம் போட்டுச் சொல்லும் பிள்ளையிடம் நடுவில் ஒரு ‘கூ’வைத் தனியாகக் காட்டினால், மனதுக்குள் ‘க’விலிருந்து எண்ணிக்கொண்டு வரும். அது பாட்டை நினைவு வைத்திருக்கிறதே தவிர எழுத்தை அறியவில்லை.

உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். பன்னிரண்டு உயிரெழுத்து, பதினெட்டு அகரமேறிய மெய், மேலே வைக்கும் புள்ளி, துணைக்கால், இ-ஈ குறிகள், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி. ஒ, ஓ வரிசைக்குப் புதுக் குறியே கிடையாது. கொம்பும் காலும் சேர்ந்தால் போதும். தொல்லை தருவது உகர, ஊகார வரிசை. அதிலும் உகரம் மூன்று கூட்டமாகப் பிரியும்: கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம், சு, பு, யு, வு (கூடவே புழக்கத்தில் இல்லாத ஙு) இன்னொன்று, து, நு, ணு, லு, று, னு, ஞு மூன்றாவது. வாரத்துக்கு ஒரு கூட்டம் என்று எடுத்துக்கொண்டால் மூன்று வாரத்தில் உகரம் வசப்படும். ங வரிசையில் ‘ங்’ தவிர மற்றவை கதைப் புத்தகத்தில் வரவே வராது என்று சொல்லிவிடலாம். ஔகார வரிசைக்கு ஔவையார், மௌனம், பௌர்ணமி என்று சில சொற்கள்தான். அவற்றைச் சொல்லாகவே அறிமுகப்படுத்தினால் போதும்.

தொடங்கும் வரிசையும் முக்கியம். அ, ஆ, இ, ஈ என்று தொடங்கினால் முதல் வாரமே சுழியும் வளைவுமான ‘இ’யில் பிள்ளையின் கை நின்றுவிடும். எல்லா உயிரையும் முடித்த பிறகும் ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியாது. ட, ப, ம என்று நேர்க்கோட்டு எழுத்துகளில் தொடங்கி, அவற்றோடு புள்ளியைச் சேர்த்தால் முதல் வாரத்திலேயே படம், பட்டம், மட்டம், மடம் எல்லாம் படிக்கலாம். அடுத்து ய, ர, க, ச. பிறகு துணைக்கால்: பாடம், மாடம், பாய், காய், காகம். எழுத்து கற்ற அன்றே சொல் கிடைத்துவிட வேண்டும். அந்த ருசி இல்லாவிட்டால் அட்டவணை அலுத்துப்போகும்.

ஆங்கிலத்தை முதலில் படித்த பிள்ளைக்குத் தமிழில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கண் இடமிருந்து வலமாகப் போகிறது. ‘கெ’ என்பதில் கொம்பு முதலில் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. ‘கொடி’ என்பதை ‘கெரடி’ என்று படிக்கும் பிள்ளைகளை நிறையப் பார்க்கலாம். துணைக்காலும் ‘ர’வும் அச்சில் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதால் வரும் குழப்பம் அது. இதற்கு மருந்து, பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டிச் செய்த அட்டைகள். ஓர் அட்டையில் ‘க’. அதைவிடச் சிறிய இரண்டு அட்டைகளில் ஒன்றில் கொம்பு, மற்றதில் கால். முன்னால் கொம்பை வைத்தால் கெ, பின்னால் காலையும் வைத்தால் கொ, கொம்பை எடுத்துவிட்டால் கா. பிள்ளையே கையால் நகர்த்த வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், ஒரு வாரம் செய்தால் பெரும்பாலும் இந்தத் தடுமாற்றம் போய்விடுகிறது.

இன்னொன்றையும் எதிர்பார்த்திருக்க வேண்டும். ‘க’ ஒன்றேதான், ‘பக்கம்’ என்பதில் ஒரு விதமாகவும், ‘பகல்’ என்பதில் ஒரு விதமாகவும், ‘தங்கம்’ என்பதில் ஒரு விதமாகவும் ஒலிக்கிறது. பிள்ளை ‘பகல்’ என்பதைப் ‘பக்கல்’ என்று அழுத்திப் படித்தால் இலக்கண விளக்கம் வேண்டாம். “அப்படி ஒரு வார்த்தை இருக்கா?” என்று கேட்டால் போதும், தானே திருத்திக்கொள்ளும். சொல் ஏற்கெனவே தெரிந்திருந்தால்தான் இந்தத் தந்திரம் பலிக்கும். முதல் புத்தகங்களில் தெரியாத சொற்கள் அதிகம் இருக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

மூன்று ன, இரண்டு ர, மூன்று ல விவகாரத்தில் பாதிக்கு விதி இருக்கிறது, மீதி கண் பழக்கம். சொல்லின் முதலில் ந. த-வுக்கு முன் ந். ட-வுக்கு முன் ண். ற-வுக்கு முன் ன். பழைய வாத்தியார்கள் டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று பெயர் வைத்தது இந்த விதியைப் பெயருக்குள்ளேயே பொதிந்து வைக்கத்தான். மூணு சுழி, ரெண்டு சுழி என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் வடிவம் நினைவிருக்கும், இடம் தெரியாது. மெட்ரோவில் போகும்போது பாடம் தானாகவே கிடைக்கிறது. ‘கிண்டி’யில் ட-வுக்கு முன் ண். ‘நந்தனம்’ என்ற ஒரே பலகையில் சொல்லின் முதலில் வரும் ந, த-வுக்கு முன் வரும் ந், இடையில் வரும் ன மூன்றும் இருக்கின்றன. சொல்லின் முதலில் ற வராது, ‘ர்ர’ என்று இரட்டிக்காது, ‘ழ்ழ’ கிடையவே கிடையாது என்ற மூன்றையும் சொல்லிவிட்டால் எழுத்துப்பிழையில் கணிசமான பங்கு குறையும். மனம், மணம் போன்றவை பார்த்துப் பார்த்துத்தான் வரும். அவற்றுக்காக ஆறு வயதில் யாரையும் திட்ட வேண்டாம்.

காதுக்குப் புதிதான தமிழ்

பிள்ளை வீட்டில் கேட்பது “வந்துட்டு இருக்கான்”. தெருவில் கேட்பது “வந்துக்கினு கீறான்”. புத்தகத்தில் இருப்பது “வந்துகொண்டிருக்கிறான்”. எழுத்துக் கூட்டிப் படித்து முடித்த பிறகும் அது தனக்குத் தெரிந்த சொல்தான் என்று பிள்ளைக்குத் தோன்றுவதில்லை. செல்கிறேன், அமர்ந்தாள், கூறினார், உணவு, மிகவும், ஆனால், எனவே ஆகியவை நாள் முழுக்கத் தமிழ் பேசும் பிள்ளையின் காதில் ஒருமுறைகூட விழுந்திருக்காது. எழுத்தை எவ்வளவு வேகமாகக் கூட்டினாலும் இந்த இடைவெளி குறையாது. வாய்விட்டு யாராவது படித்துக்காட்டக் கேட்பதுதான் இதற்கு வழி. வேறு குறுக்குவழி இல்லை.

அப்படிப் படித்துக்காட்டும்போது பெற்றோர் செய்யும் இயல்பான தவறு, எல்லாவற்றையும் பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்லிவிடுவது. கதை புரியும், ஆனால் எழுத்துத் தமிழ் காதில் விழாமலே போய்விடும். எதிர்ப்பக்கமும் ஆபத்துதான்: மூன்று வயதுக் குழந்தைக்கு முதல் தடவையே அச்சில் உள்ளபடி படித்தால் எழுந்து போய்விடும். நடைமுறையில் நன்றாக வேலை செய்வது இரண்டு சுற்று. முதலில் படங்களைக் காட்டிப் பேச்சுத் தமிழில் கதையைச் சொல்லிவிடுங்கள். கதை தெரிந்த பிறகு, அதே புத்தகத்தை மறுநாளிலிருந்து அச்சில் உள்ளபடியே படியுங்கள். மூன்று நான்கு நாள் ஒரே புத்தகம். குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்பக் கேட்பது பிடிக்கும்; அலுப்பு நமக்குத்தான். நாலாம் நாள் நீங்கள் “அப்போது அந்த யானை...” என்று நிறுத்தினால், “தும்பிக்கையை உயர்த்தியது” என்று குழந்தை முடிக்கும். ‘உயர்த்தியது’ என்ற சொல்லை அது எங்கும் பேசிக் கேட்டதில்லை. இப்போது அதன் வாயில் இருக்கிறது.

பிள்ளை தானே படிக்கத் தொடங்கிய பிறகும் வாய்விட்டுப் படித்துக்காட்டுவதை நிறுத்தக் கூடாது. ‘இனிமே நீயே படி’ என்று ஏழு வயதில் விட்டுவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. அந்த வயதில் பிள்ளையால் தானாகப் படிக்க முடிவது இரண்டு வரிக் கதை. கேட்டு ரசிக்க முடிவது இருபது பக்கக் கதை. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பெரியவரின் குரல்தான் நிரப்ப வேண்டும். பத்து வயது வரை தொடரலாம். வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வீடு சேரும் பெற்றோர்களுக்கு இது சுமை என்பது புரிகிறது. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களிடம் ஒப்படைக்கலாம். ஊரில் இருந்தால் போனில் ஒலிப்பதிவு செய்து அனுப்பச் சொல்லலாம். பதிவைக் கேட்கும்போது புத்தகம் பிள்ளையின் கையில் திறந்திருக்க வேண்டும், விரல் வரியின் மேல் போக வேண்டும். இல்லாவிட்டால் அது கதை கேட்டலாக மட்டும் நின்றுவிடும்.

சொற்கள் நீளமாக இருப்பது தமிழின் இன்னொரு குணம். ‘விளையாடிக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்பது ஒரே சொல்லாக நிற்கும். எழுத்தெழுத்தாகக் கூட்டும் பிள்ளை கடைசியை எட்டும்போது தொடக்கத்தை மறந்துவிடும். விரலாலோ ஒரு சிறு அட்டையாலோ பின்பகுதியை மறைத்து, விளையாடி, கொண்டு, இருந்தவர், களுக்கு என்று துண்டு துண்டாகத் திறந்து காட்டுங்கள். உம், ஆக, இல், இருந்து, களுக்கு போன்ற வால்களை ஒரே பார்வையில் அடையாளம் காணப் பழகிவிட்டால் வேகம் சட்டென்று கூடும்.

நிலை எது என்று முதலில் பாருங்கள்

எங்கே தொடங்குவது என்று தெரிய, பிள்ளைகளின் வாசிப்பை வீடு வீடாகச் சோதிக்கும் பிரதம் அமைப்பின் ஏசர் ஆய்வில் 2005 முதல் பயன்படுத்தும் முறையை வீட்டிலேயே செய்யலாம். ஒன்றாம் வகுப்பு மட்டத்தில் நான்கு சிறு வாக்கியங்கள் கொண்ட ஒரு பத்தியைக் கொடுங்கள். மூன்று தவறுக்கு மேல் போகாமல், வாக்கியமாகப் படித்தால், இரண்டாம் வகுப்பு மட்டத்துக் கதைக்குப் போகலாம். பத்தியில் சொல் சொல்லாகத் திக்கினால், ஐந்து எளிய சொற்களைக் காட்டுங்கள். நான்கு சரியானால் பிள்ளை சொல் மட்டத்தில் இருக்கிறது. அதுவும் வரவில்லை என்றால் ஐந்து எழுத்து. எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதற்கு ஒரு படி மேலேதான் அடுத்த வேலை. நான்காம் வகுப்புப் பிள்ளை சொல் மட்டத்தில் நின்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதன் கையில் நான்காம் வகுப்புக் கதையைத் திணிப்பதில் பயன் கிடையாது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியிருந்த பிறகு 2021-ல் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வியும், 2022-ல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்கான எண்ணும் எழுத்தும் திட்டமும் வந்தன. வகுப்பைப் பார்க்காமல் பிள்ளை நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதே எண்ணும் எழுத்தும் முறையின் அடிப்படை.

தினமும் கால் மணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் உட்கார வைப்பதைவிட வாரத்தில் ஐந்து நாள் பதினைந்து நிமிடம் எவ்வளவோ மேல். நேரத்தை எதாவது நடக்கிற காரியத்தோடு கட்டிவிடுங்கள்: இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, அல்லது பள்ளி வேனுக்குக் காத்திருக்கும்போது. டியூஷன் முடிந்து களைத்து வந்த பிறகு வேண்டாம். முதலில் பெரியவர் ஒரு பக்கம் படிக்கலாம். பிறகு ஒரு வரி நீங்கள், அதே வரியைப் பிள்ளை. கடைசியில் பிள்ளை தனியாக ஐந்தாறு வரி. திணறினால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். பிறகும் வரவில்லை என்றால் மறைத்துத் துண்டாகக் காட்டுங்கள். அப்படியும் வராவிட்டால் சொல்லிக்கொடுத்துவிட்டு நகருங்கள். ஒரு சொல்லில் ஒரு நிமிடத்துக்கு மேல் மல்லுக்கட்டினால் கதை செத்துப்போகும். ஒரு பக்கத்தில் இருபது இருபத்தைந்து சொற்கள் இருந்து, அதில் ஐந்துக்கு மேல் திணறினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம். உள்ளே வைத்துவிட்டு வேறு எடுங்கள்.

‘சென்றான்’ என்று இருப்பதைப் பிள்ளை ‘போனான்’ என்று படித்தால் பலர் உடனே குறுக்கிடுகிறார்கள். அது நல்ல அறிகுறி: புரிந்து படிக்கிறது என்று அர்த்தம். பக்கம் முடிந்ததும் அந்த வரியை நீங்கள் ஒருமுறை சரியாகப் படித்துக்காட்டினால் போதும். ‘சென்றான்’ என்பதைச் ‘சொன்னான்’ என்று படித்துவிட்டுக் கவலையில்லாமல் மேலே போகிறதே, அதைத்தான் நிறுத்திக் கேட்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் கேள்வி கேட்பது, நீதி என்ன என்று வினவுவது, பத்துப் புத்தகம் முடித்தால் சைக்கிள் என்று பேரம் பேசுவது மூன்றும் வாசிப்பைத் தேர்வாக்கிவிடும். பேரத்தில் இன்னொரு கேடும் உண்டு: பிள்ளை மெல்லிய புத்தகமாகப் பொறுக்கி எடுத்து எண்ணிக்கையை முடித்துவிட்டு, சைக்கிள் வந்ததும் நிறுத்திவிடும்.

தமிழ் படிக்கத் தெரியாத பெற்றோர்களும் சென்னையில் ஏராளம். வீட்டில் தெலுங்கு, உருது, இந்தி பேசுகிறவர்கள் மட்டுமல்ல, தமிழ் பேசியும் வேறு மொழியில் படித்து வளர்ந்தவர்களும் உண்டு. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, “என்ன ஆச்சு, சொல்லு” என்றாலே பாதி வேலை நடந்துவிடும். பிள்ளை ஆசிரியர் ஆகிவிடும்.

எழுதுவது

வாசிப்பு வந்த பிறகு எழுத்து என்று காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துச் செல்லும். ஆனால் கை தயாராக வேண்டும். நாலு வயதில் பென்சில் பிடிப்பதைவிடச் சப்பாத்தி மாவு உருட்டுவதும், பட்டாணி உரிப்பதும், துணிக் கிளிப்பை அழுத்திக் கொடியில் மாட்டுவதும், கோலப்பொடி விடுவதும் விரல்களுக்கு நல்ல பயிற்சி. சிலேட்டும் பலப்பமும் இன்றைக்கும் வீணாகிவிடவில்லை. பலப்பம் உராய்வதால் கை வழுக்காது, எழுதும் திசையை விரல் உணரும். கட்டைவிரல் நீளத்துக்கு உடைத்த துண்டு நல்லது. முழங்கையை வீசி எழுதாமல் விரல் நுனியால் பிடிக்க வைத்துவிடும். காகிதத்துக்கு வந்ததும் அகலமான இரட்டைக்கோடு நோட்டு, முக்கோணப் பென்சில். நாற்காலியில் உட்கார்ந்தால் பாதம் தரையில் பதிய வேண்டும். எட்டவில்லை என்றால் பழைய செய்தித்தாள் கட்டு ஒன்றைக் காலடியில் போடுங்கள். இடதுகைப் பிள்ளைக்கு நோட்டை வலப்பக்கம் சாய்த்து வைத்து, பென்சிலைக் கூரிலிருந்து சற்று மேலே தள்ளிப் பிடிக்கச் சொன்னால், எழுதியதைக் கையே மறைக்காது. கையை மாற்றச் சொல்லாதீர்கள்.

பத்துத் தடவை எழுதச் சொல்வது தண்டனையாகத்தான் பயன்படும். ஐந்தாவது தடவையில் பிள்ளை சொல்லை எழுதுவதில்லை. வேகம் கருதி முதல் எழுத்தைப் பத்து வரியிலும் மேலிருந்து கீழாகப் போட்டுவிட்டு, இரண்டாவது எழுத்துக்கு வரும். சொல்லாக எதுவும் மனதில் தங்காது. அதற்குப் பதில், பார்க்க, மூட, நினைவிலிருந்து எழுத, திறந்து ஒப்பிட. மூன்று தடவை போதும். தவறு எங்கே என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

பிழைகளைப் பார்த்தால் அவற்றில் ஓர் ஒழுங்கு தெரியும். இலை ‘எல’ ஆகும், விலை ‘வெல’ ஆகும், குடை ‘கொட’ ஆகும், உலகம் ‘ஒலகம்’ ஆகும். பேச்சில் முதல் எழுத்து இகரமாகவோ உகரமாகவோ இருந்து அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ வந்தால், இ எகரமாகவும் உ ஒகரமாகவும் மாறிவிடுகின்றன. கடைசி ஐகாரம் அகரமாகத் தேய்கிறது. பிள்ளை கேட்டதைக் கேட்டபடி சரியாக எழுதியிருக்கிறது. சிவப்பு மையால் அடிப்பதற்குப் பதில், இந்த வகைச் சொற்களை ஒன்றாகச் சேர்த்து, “பேசும்போது கொட, எழுதும்போது குடை” என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். பழத்தைப் ‘பளம்’ என்று எழுதுவதும் இதே கதைதான். வடசென்னைப் பேச்சில் அது ‘பயம்’ ஆகவே போய்விடும். நாக்கைத் திருத்தினால் எழுத்து பாதி திருந்தும். ஒரு பக்கத்தில் எல்லாப் பிழையையும் திருத்தக் கூடாது. ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த வாரம் அதையே கவனியுங்கள்.

எதை எழுதுவது என்பதுதான் பெரிய கேள்வி. கட்டுரை நோட்டில் ‘எனது பள்ளி’ எழுதப் பிள்ளைக்கு ஒரு காரணமும் கிடையாது. மளிகைப் பட்டியல் எழுதக் காரணம் உண்டு: துவரம்பருப்பு ஒரு கிலோ, மிளகு நூறு கிராம் என்று எழுதி, கடைக்குத் தானே எடுத்துப் போய், அண்ணாச்சி அதைப் படித்து எடுத்துக் கொடுக்கும்போது எழுத்து வேலை செய்வது கண்ணுக்குத் தெரியும். தினமும் கிழிக்கும் காலண்டரின் தாள் இன்னொரு நல்ல கருவி. காலையில் பிள்ளை கிழித்து, கிழமையையும் தமிழ் மாதத்தையும் நல்ல நேரத்தையும் வாய்விட்டுப் படிக்கட்டும். தாளின் பின்பக்கம் காலியாக இருந்தால் இரவு அதில் மூன்று வரி எழுதலாம், அதற்குமேல் இடமில்லை என்பதே வசதி: இன்னும் எழுது என்று யாரும் நச்சரிக்க முடியாது. ஊரில் இருக்கும் ஆச்சிக்கு அஞ்சலட்டை எழுதலாம். பதில் வந்தால் அதைப் படிக்க யாரும் வற்புறுத்த வேண்டியிராது. ஆரம்பத்தில் பிள்ளை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி, கடைசி வரியை மட்டும் அது எழுதினாலும் சரி.

போனில் எழுதுவதையும் ஒதுக்க வேண்டாம், ஒரு நிபந்தனையோடு. குரல்வழித் தட்டச்சும், ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பதும் கூடாது. தமிழக அரசு 1999-ல் தரமாக ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் க-வை அடித்துப் பின் ஆ-வை அடித்தால் கா வருகிறது. மெய்யும் உயிரும் சேரும் விதம் விரலுக்குத் தெரிகிறது. அட்டையில் செய்த அதே பயிற்சிதான்.

புத்தகம் எங்கிருந்து

சென்னையில் சொத்துவரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழி வந்த ஏற்பாடு அது. ஆகவே கிளை நூலகத்துக்குப் போகாமல் இருப்பது கட்டிய காசை விட்டுவிடுவதுதான். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் முதல் தளத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது. அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் நூலகம், எழும்பூரில் 1896-ல் திறந்த கன்னிமாரா. ஒரு தடவை போனால் பிள்ளையே புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். அட்டையைப் பார்த்து எடுத்து, வீட்டில் பிடிக்காமல் போனால் திருப்பிக் கொடுத்துவிடலாம். கடையில் வாங்கும்போது இந்தச் சுதந்திரம் இருக்காது. முன்னூறு ரூபாய் கொடுத்தோமே என்று முடிக்கச் சொல்லி வற்புறுத்துவோம்.

வாங்குவதானால், ஒரு பக்கத்தில் ஒன்றிரண்டு வரியும் பெரிய எழுத்தும் உள்ள படக்கதைகளில் தொடங்குங்கள். சென்னையிலேயே இயங்கும் தூலிகா தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் உள்ள இருமொழிப் புத்தகங்களை வெளியிடுகிறது. நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் நூல்கள் விலை குறைவு. இருமொழிப் புத்தகத்தில் பிள்ளை ஆங்கிலத்தை மட்டும் படித்துவிட்டுத் திருப்பிவிடும். அந்தப் பாதியை ஒரு தாளால் மூடி வைப்பது நல்லது. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு படிநிலைகளாகப் பிரிக்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. திரையில் படிப்பதைவிட அச்செடுத்து நடுவில் தையல் போட்டுக் கொடுத்தால் பயன் அதிகம். ஒன்பது பத்து வயதுக்கு மேல், அறிவியலில் ஆசை உள்ள பிள்ளைக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ மாத இதழ் ஏற்றது.

தாத்தாவின் அலமாரியில் இருந்து எடுக்கும் பழைய புத்தகங்களில் கவனம் தேவை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, னை, ணா, றா போன்றவை வேறு வடிவத்தில் இருக்கும். ஓரளவு நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு அது சுவாரசியமான புதிர். தொடக்கநிலைப் பிள்ளைக்குக் குழப்பம்.

முயன்றும் நகராவிட்டால்

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் ஏழெட்டு வயதுப் பிள்ளை பழகிய எழுத்துகளையே மறுநாள் மறந்தால், ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாகப் படித்தால், சொல்லச் சொல்ல எழுதுகையில் எழுத்துகளை விட்டு விட்டு எழுதினால், சோம்பல் என்று முடிவுகட்டுவதற்கு முன் கண்ணையும் காதையும் சோதிக்க வேண்டும். 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் கண் பரிசோதனை செய்துகொள்ளலாம். கண்ணும் காதும் சரி என்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று மதிப்பிட வேண்டும். தி. நகரில் உள்ள மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதற்கென்றே இயங்கும் அமைப்பு. மதிப்பீட்டுக்குப் போகும்போது பிள்ளை கைப்பட எழுதிய பழைய நோட்டுகள் நாலைந்தைத் திருத்தாமல், தேதியோடு எடுத்துப் போங்கள். ஆங்கில நோட்டும் சேர வேண்டும். தமிழில் மட்டும் திணறல் என்றால் பெரும்பாலும் பழக்கக் குறைவுதான். இரண்டு மொழியிலும் ஒரே மாதிரித் திணறினால் தாமதிக்கக் கூடாது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உரிய சான்றிதழ் இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைக் கேட்டுப் பெறலாம். பத்தாம் வகுப்பு வந்த பிறகு ஓடாமல், தொடக்கப்பள்ளியிலேயே மதிப்பிட்டுவிட்டால் பயிற்சிக்கும் காலம் இருக்கும்.